மணப்பாட்டுக் கரையில் எழுந்த கேள்வி

2016ஆம் ஆண்டு. பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, சங்க இலக்கிய வகுப்பில் நெய்தல் திணை நடந்துகொண்டிருந்தது. பரதவர் கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டு அதில் கடல்தெய்வத்தை ஏற்றி வழிபடுவதாகப் பட்டினப்பாலை காட்டும் இடத்தைச் சொல்லி முடித்தபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, மணப்பாட்டில் திமிங்கலங்கள் செத்ததற்குக் கூடங்குளம்தானே காரணம்?" என்று கேட்டார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனச் சென்னையின் மேற்குப் புறநகர்களிலிருந்து வரும் பிள்ளைகளே நிறைந்த வகுப்பு அது. அவர்களுக்குக் கடல் என்றால் காணும் பொங்கலன்று மெரினாவில் அலையும் கூட்டந்தான். ஆயினும் கேட்டவரின் முகத்தில் விடையை முன்பே அறிந்துவிட்ட உறுதி இருந்தது. நமக்கு அவ்வுறுதி இல்லை. பார்த்துச் சொல்வதாகக் கூறிப் பாடத்துக்குத் திரும்பினோம். அப்படிப் பார்க்கத் தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது.

முதலில் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுவோம். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு, 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் ஊர். கடலுக்குள் மூக்கை நீட்டினாற்போல ஒரு மணற்குன்றும், அதன்மேல் திருச்சிலுவைக் கோயிலும் உண்டு. 2016 ஜனவரி 11ஆம் நாள் மாலை தொடங்கி, மணப்பாட்டுக்கும் திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலைக்கும் இடைப்பட்ட கரையில் கரிய பேருடல்கள் ஒதுங்கலாயின. மீனவர்கள் இரவோடிரவாக அவற்றைக் கயிறு கட்டி இழுத்து ஆழத்தில் விட்டனர். விடப்பட்டவற்றுட் சில மீண்டும் கரைக்கே வந்தன. கரையேறியவை 81 என்றும், மாண்டவை 45 என்றும் கணக்கிடப்பட்டது. மாண்டவற்றைக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தனர்.

அவை பைலட் திமிங்கலங்களில் குறுந்துடுப்பு இனத்தைச் சேர்ந்தவை. பெயரால் திமிங்கலம், குலத்தால் ஓங்கில். டால்பின் என்று நாம் வழங்கும் உயிருக்கு நம் கடற்கரை மக்கள் வைத்த பெயர் ஓங்கில் என்பது. இத்தகைய சொல் இருக்கையில் 'டால்பின்' எதற்கு என்று கேட்கும் தமிழாசிரியப் புத்தியை வாசகர்கள் பொறுத்தருள்க. இனி ஓங்கில் என்றே எழுதுவோம். இவ்வின விலங்குகள் தாய்வழிக் குடும்பங்களாகக் கூடி வாழ்பவை. கிழவிகள் ஈனும் பருவம் கடந்த பின்னும் பல்லாண்டு வாழ்ந்து கூட்டத்தோடு செல்வதுண்டு. உறவினர் கரையில் கிடக்கத் தாம்மட்டும் கடலுக்குத் திரும்புதல் அவற்றின் இயல்பன்று. மீட்டு விட்டவை திரும்பி வந்ததற்கு இதுவே காரணமாகலாம் என்பர்.

இனி, மாணவரின் கேள்வி. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது 2013இல். ஆனால் 1973 ஜனவரியில், அதுவும் பொங்கலை ஒட்டிய நாளில், இதே தூத்துக்குடிக் கடற்கரையில் இதே இனத்தைச் சேர்ந்த 147 விலங்குகள் கரையேறின. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் அவ்வாண்டே அதனைக் கட்டுரையாகப் பதிவுசெய்தனர். அதற்கும் முன்னர், 1852இல், கல்கத்தாவை அடுத்த உப்பேரிகளில் ஒரு கூட்டம் அகப்பட்டு மடிந்தது. நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே கரை, ஒரே மாதம், ஒரே இனம். முதல் முறை அங்கே அணு உலையும் இல்லை. இன்றுள்ள அளவுக்குக் கப்பற்போக்குவரத்தும் இல்லை.

சரிவு குறைந்து நீண்டு செல்லும் மணற்கரையும், கடலுக்குள் நீளும் முனையும் சேர்ந்த இடங்களில் இவ்விபத்து உலகெங்கும் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. நியூசிலாந்தின் பேர்வெல் ஸ்பிட் என்னும் மணல்முனை அத்தகையது. 2017 பிப்ரவரியில் அங்கே நானூறுக்கும் மேற்பட்டவை கரையேறின. தாம் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டு வழியறியும் உயிர்களுக்கு, மெல்லச் சரியும் மணல் திருத்தமான எதிரொலியைத் தருவதில்லை. கரை இருப்பது தெரியுமுன் கரையேறிவிடுகின்றன. நோயுற்ற தலைமை விலங்கைப் பின்தொடர்தல், இரையைத் துரத்திவருதல் என வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. மணப்பாட்டைப் பொறுத்தவரை எந்த ஒரு காரணமும் ஐயமற நிறுவப்படவில்லை. ஓங்கில்கள் சில வேளை கரையேறுவதைத் தம் விலங்கியல் நூலில் குறித்த அரிஸ்டாட்டில், அதன் காரணம் தெரியவில்லை என்று எழுதினார். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நாம் அவரிடமிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை.

அப்படியானால் மனிதன் குற்றமற்றவனா? இல்லை. கூட்டம் கூடிப் படமெடுக்கும் கரையில் அவன் குற்றத்தைத் தேடுவதுதான் பிழை. அது வேறிடத்தில், பெரும்பாலும் உள்நாட்டில், கடலே தெரியாத ஊர்களில் கிடக்கிறது. நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. சான்றுகளுக்கு வருவோம்.

மணப்பாட்டில் கூட்டம் கூடிய அதே 2016 ஜனவரியில், ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் ஓர்க்கா ஒன்றின் பிணம் ஒதுங்கியது. லூலூ என்று பெயரிட்டு ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த பெண் விலங்கு அது. மீன்பிடிக் கயிற்றில் சிக்கி மாண்டது. அதன் கொழுப்பை ஆராய்ந்தபோது ஒரு கிலோவுக்கு 957 மில்லிகிராம் பி.சி.பி. இருந்தது. நாற்பதைத் தாண்டினாலே கேடு என்று கொள்வர். இருபது வயதளவில் இருந்தும் அது ஒருமுறைகூடச் சூல்கொண்டதற்கான அடையாளம் சூலகத்தில் இல்லை. பி.சி.பி. என்பது மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் காப்பெண்ணெயாகப் பயன்பட்ட செயற்கைச் சேர்மம். நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்த 1960களில் உலகெங்கும் தொழில்நுட்பத்தின் கொடை என்று போற்றப்பட்டது. எரியாது, கெடாது என்பதே அதன் பெருமை. கெடாது என்பதே பின்னர் அதன் குற்றமாயிற்று. மணப்பாட்டின் 45 உடல்கள் சொல்லாததை டைரீயின் ஓருடல் சொல்லிவிட்டது.

ஸ்காட்லாந்து எங்கோ இருக்கிறது என்று தள்ளிவிட வேண்டா. வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. வலைகளில் தற்செயலாகச் சிக்கி மாண்ட ஓங்கில்களின் கொழுப்பை அம்மையத்தாரும் ஜப்பானிய அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்தனர். 1993இல் வெளிவந்த அவ்வாய்வு, வங்கக்கடலின் தென்னிந்தியக் கரையில் திரியும் ஓங்கில்களின் உடலில் தலைமை நஞ்சு டி.டி.டி.யே என்று காட்டியது. பி.சி.பி.யும், உழவில் பயன்பட்ட வேறு பூச்சிக்கொல்லிகளும் அதற்கு அடுத்த நிலையில் இருந்தன.

டி.டி.டி.யின் வரலாற்றை வில்லன் கதையாக எழுதுவது எளிது. எழுத நமக்கு மனம் வரவில்லை. 1947இல் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப்பேரை மலேரியா பற்றியதாகக் கணக்கு. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடுவீடாகச் சுவரில் டி.டி.டி. தெளித்தனர். 1965இல் அவ்வெண்ணிக்கை ஓரிலட்சமளவில் நின்றது. நம் பாட்டன்மார் பிழைத்ததில், ஆகவே நாம் பிறந்ததில், அந்த வெள்ளைப்பொடிக்குப் பங்குண்டு. தெளித்தவர் எவரும் ஓங்கிலுக்குத் தீங்கெண்ணித் தெளிக்கவில்லை. பின்னர் அது வயலுக்கும் போயிற்று. அங்கேதான் அளவு தவறியது. 1989இல் இந்தியா உழவுக்கு அதனைத் தடைசெய்து, நோய்த்தடுப்புக்கு மட்டும் அனுமதித்தது. நீண்டகாலம் கெடாமல் நிற்கும் இத்தகைய நஞ்சுகளை ஒழிக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006இல் ஏற்றது.

சுவரிலும் வயலிலும் தெளித்தது ஓங்கிலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? நீரில் கரையாது, கொழுப்பில் கரையும் என்பதே இந்நஞ்சுகளின் இயல்பு. மழைநீரோடு சேற்றிலும், சேற்றிலிருந்து நுண்ணுயிரிலும், அதிலிருந்து சிறுமீனிலும், சிறுமீனிலிருந்து பெருமீனிலும் ஏறி, ஏறுந்தோறும் செறிந்து, இறுதியில் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் போர்வை உடைய ஓங்கிலிடம் வந்து தங்குகிறது. நிலவிலங்குகள் பலவற்றுக்கு இந்நஞ்சைச் சிதைக்கும் திறன் ஓரளவு உண்டு. கடலிலேயே வாழ்ந்துவிட்ட இவற்றுக்கு அத்திறன் மிகக்குறைவு. ஆணின் உடலில் வயது ஏற ஏற நஞ்சும் ஏறிக்கொண்டே போகிறது. பெண்ணின் உடலிலோ தாய்மை அடைந்ததும் குறையத் தொடங்குகிறது. குறைவது எங்ஙனம் என்று படித்தபோது நமக்குச் சற்றுநேரம் மேலே வாசிக்க இயலவில்லை. கொழுப்பு மிகுந்த தாய்ப்பாலோடு அது கன்றுக்குப் போகிறது. தாய் பல்லாண்டாகச் சேர்த்துவைத்ததில் பெரும்பங்கைத் தலைக்கன்று சில மாதங்களில் குடித்துவிடுகிறது. லூலூ ஈனவே இல்லை. ஆகவே அதன் நஞ்சு முழுவதும் அதனிடமே தங்கிற்று.

அந்நஞ்சு உடனே கொல்வதில்லை. நோய் எதிர்ப்பை அரிக்கிறது. 1990 முதல் 1992 வரை மத்தியதரைக் கடலில் ஒருவகை நச்சுயிரி நோய் பரவி வரிமேனி ஓங்கில்கள் பெருந்தொகையில் மாண்டன. மாண்டவற்றின் உடலில் பி.சி.பி. மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். கொன்றது நோய்தான் என்று சான்றிதழ் எழுதலாம். பொய்யும் ஆகாது.

வேட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திமிங்கல வேட்டை நம் மரபில் இல்லை. 'திமி' என்னும் பெருமீனையே விழுங்குவது என்ற பொருளில் வடமொழி தந்த 'திமிங்கிலம்' நம் புலவர்க்குக் கற்பனையின் எல்லையாக இருந்ததேயன்றி உணவாகவோ எண்ணெயாகவோ இருந்ததில்லை. எண்திமிங்கலத்தின் குடலில் விளைந்து கரையொதுங்கும் மீனம்பரை மருந்துக்கும் மணத்துக்கும் கொண்டதோடு சரி. அதுவே இன்று கோடிக்கணக்கில் விலைபேசப்பட்டு, நம் கடற்கரை மாவட்டங்களில் கடத்தல் வழக்காகிக் காவல் நிலையங்களில் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல்கள் எண்ணெய்க்காக இலங்கைக் கடல்வரை வந்து வேட்டையாடின. 1960களில் சோவியத் கப்பற்படைகள் சட்டத்தை மீறி அரபிக்கடலில் புகுந்தன. அங்கேயே தங்கி வாழும் கூனல் திமிங்கலங்களில் மட்டும் 242ஐக் கொன்றதை, அந்நாடு சிதைந்த பின்னரே உலகம் அறிந்தது. செஷல்ஸ் என்னும் சிறுதீவு நாடு முன்மொழிய, 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கலப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஈட்டியின் கதை ஏறக்குறைய அங்கே முடிந்தது.

வலையின் கதை முடியவில்லை. பருத்தி நூலாலும் சணலாலும் வலை பின்னிய காலத்தில் ஓங்கில் அறுத்துக்கொண்டு போகும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நைலான் வந்தது. நீரில் கண்ணுக்கும் புலப்படாது, எதிரொலிக்கும் எளிதில் அகப்படாது, அறவும் அறாது. மீனவர்க்கு அது வரமாயிற்று. அதற்காக அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. சூரையும் வஞ்சிரமும் பிடிக்க விரிக்கும் செவுள் வலையில் ஓங்கில் சிக்கினால் மூச்சுவிட மேலேற இயலாமல் மூழ்கி இறக்கும். மீனன்று அது, நம்மைப்போல நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். 2020இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலில் சூரைக்காக விரித்த செவுள் வலைகளில் மட்டும் ஏறத்தாழ 41 இலட்சம் ஓங்கிலினங்கள் மடிந்திருக்கலாம் என்கிறது. எண்ணுங்கள்: மணப்பாட்டில் 45. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அம்பத்தூர் மீன்கடையில் வஞ்சிரத் துண்டுக்கு விலை பேசும் நாம் அந்த 41 இலட்சத்தை எங்கும் காண்பதில்லை. வலையில் மாண்ட ஓங்கில் கரைக்கு வருவதே அரிது. சட்டத்துக்கு அஞ்சிக் கடலிலேயே விட்டுவிடுவர்.

நஞ்சும் வலையும் ஒருவாறு விளங்கக்கூடியவை. மூன்றாவது கேடு கண்ணுக்கே தெரியாதது. அதைச் சொல்லச் சற்றுச் சுற்றிவர வேண்டும்.

திமிங்கலத்தின் பூர்விகம் நம் துணைக்கண்டம். காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ஏ. ரங்க ராவ் என்னும் இந்தியப் புவியியலாளர் சேர்த்துவைத்த பாறைகளிலிருந்து, பூனையைவிடச் சற்றே பெரிய, மான்போன்ற ஒரு விலங்கின் எலும்புகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இந்தோஹையஸ் என்று பெயர். இக்கால்நடைப் பிராணிக்கும் திமிங்கலத்துக்கும் என்ன உறவு? தெவிசன் என்னும் அறிஞரின் குழு 2007இல் அவ்வுறவை நிறுவியது. பாறையை உடைக்கும்போது ஒரு செவியெலும்பு வெளிப்பட்டது. அதன் உட்புற விளிம்பு, திமிங்கலங்களில் மட்டுமே அதுவரை கண்டிருந்த வகையில் தடித்திருந்தது. உடலெல்லாம் நிலத்தைச் சேர்ந்ததாக இருக்கச் செவி மட்டும் முன்னதாகத் திமிங்கலம் ஆகிவிட்டிருந்தது.

நீருக்கடியில் ஒளி சில நூறு மீட்டர்களில் அடங்கிவிடும். ஒலியோ காற்றிலே செல்வதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான விரைவில், நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும், பெருந்தொலைவு செல்லும். ஆதலின் இவ்வுயிர்கள் செவியாற் கண்டு, செவியால் இரை தேடி, செவியால் துணை கூடுபவை. அச்செவியில் நாம் என்ன செய்கிறோம்? 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 விலங்குகள் கரையேறின. அருகில் அமெரிக்கக் கடற்படை சோனார் கருவிகளை இயக்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு, சோனாரே காரணமாகலாம் என்று அக்கடற்படையின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

இதைப் படித்தபோது நமக்குக் கம்பனின் யுத்த காண்டத்து வருணனை வழி வேண்டு படலம் நினைவில் எழுந்தது. வருணன் வாராமையால் சினந்த இராமன் கடல்மேல் அம்பு தொடுக்கிறான். கடல் கொதிக்கிறது, பகையேதும் அறியாத மீனினங்கள் வெந்து புரள்கின்றன. வருணன் இறுதியில் வந்து, தொலைவில் ஏழாங்கடலில் மீன்களுக்குள் மூண்ட போரைத் தணிக்கச் சென்றிருந்ததால் காலம் தாழ்ந்ததாகச் சொல்கிறான். அதாவது, மீன்களின் நலம் பேணப் போனவன் வருமுன், இங்குள்ள மீன்கள் அழிந்தன. கம்பன் இதை முரணாக எண்ணித்தான் வைத்தானா என்று உரையாசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

சோனாராவது போர்க்கருவி, எப்போதோ ஒலிப்பது. வணிகக் கப்பலின் இரைச்சல் இரவும் பகலும் ஓய்வதில்லை. அதன் விளைவை அளக்க வாய்த்த தருணம் ஒரு துயரத்தால் வாய்த்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பின் சில நாள்கள் வட அமெரிக்கக் கரையோரம் கப்பற்போக்குவரத்து குறைந்தது. கனடாவின் பண்டி விரிகுடாவில் நீருக்கடியில் இரைச்சல் ஆறு டெசிபல் தணிந்தது. அங்கே திமிங்கலங்களின் கழிவைச் சேகரித்து ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், அந்நாள்களில் அவற்றின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பும் குறைந்திருந்ததைப் பின்னர்க் கண்டு, 2012இல் வெளியிட்டனர். உலகமே நடுங்கிய அந்நாள்களில் திமிங்கலங்கள் மட்டும் சற்று நிம்மதியாக இருந்தன என்று இதற்குப் பொருள்.

கப்பல் இரைச்சலோடு நிற்பதில்லை, மோதவும் செய்கிறது. இலங்கையின் தென்முனையை ஒட்டி, உலகிலேயே நெரிசல்மிக்க கடல்வழிகளுள் ஒன்று செல்கிறது. மிரிசைக்கு எதிரே நீலத்திமிங்கலங்கள் இரை தேடும் நீரும் அதுவே. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த சரக்குக்கப்பலொன்றின் முகப்பில் நீலத்திமிங்கலத்தின் பிணம் மாட்டிக்கிடந்தது. கப்பலில் இருந்தோர்க்குத் துறைமுகம் வரும்வரை அது தெரியவில்லை. ஆஷா டி வோஸ் என்னும் இலங்கை அறிஞரும் பிறரும் கப்பல்வழியைச் சற்றுத் தெற்கே தள்ளினாலே போதுமென்று பல்லாண்டு சொல்லிவந்தனர். 2022இல் எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களின் வழியை மாற்றிக்கொண்டது. பதினைந்து கடல்மைல் விலகினால் ஓருயிர் பிழைக்குமென்றால் அதைவிட மலிவான அறம் வேறில்லை.

இக்கப்பல்களுக்கும் நமக்கும் என்ன உறவு என்று எண்ணும் புறநகர் அன்பர்கள், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையில் ஓரிரவு நின்று பார்க்கலாம். பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை வழியாகவும், ஆவடியை அடுத்த நெமிலிச்சேரி வழியாகவும் சரக்குப்பெட்டி லாரிகள் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் போய்க்கொண்டே இருக்கும். திருப்பெரும்புதூரில் செய்த காரும் கருவியும் மேற்கு நாடுகளுக்குக் கப்பலேறினால் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

கூவமும் அவ்வாறே. கேசவரம் அணைக்கட்டிலிருந்து வருவது, பருத்திப்பட்டு வரை ஓரளவு ஆறாக இருந்து, திருஞானசம்பந்தர் பாடிய திருவேற்காட்டைக் கடந்து, மதுரவாயலுக்கு அப்பால் ஆறு என்னும் பெயரை இழந்து, நேப்பியர் பாலத்தருகே கடல் சேர்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நம் தெருக்களிலிருந்து அது எவற்றையெல்லாம் கொண்டுபோயிற்று என்பதைக் கண்டவர் அறிவர். 2018இல் இந்தோனேசியாவின் வாகதோபியில் ஒதுங்கிய எண்திமிங்கலத்தின் வயிற்றில் 5.9 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. அதில் 115 குவளைகள். தண்ணீர்ப்பந்தலிலும் திருவிழாவிலும் நாம் குடித்தெறியும் அதே வகைக் குவளை.

சான்று திரட்டுவதன் பயனுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் எரிந்து மூழ்கி, 1,680 டன் பிளாஸ்டிக் குருணையைக் கடலில் கொட்டியது. 176 ஆமைகளும் 20 ஓங்கில்களும் 4 திமிங்கலங்களும் மாண்டதாக அவ்வாண்டே நீதிமன்றத்தில் கூறப்பட்டது. பிணந்தோறும் குறிப்பெழுதி வைத்தவர்கள் இருந்ததால் அவ்வெண்ணைச் சொல்ல முடிந்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீடு செலுத்த ஆணையிட்டது. அதே ஆண்டு மே மாதம் கேரளக் கரைக்கப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அத்தகைய குருணையே கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கியது. எம்.எஸ்.சி. என்பது முன்னர் நாம் பாராட்டிய அதே நிறுவனந்தான். வரலாறு யாருக்கும் முழு மதிப்பெண் தருவதில்லை.

அன்று கேள்வி கேட்ட மாணவர் இப்போது ஆவடியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். சென்ற ஆண்டு சந்தித்தபோது இவ்வளவையும் அவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அப்படியானால் மணப்பாட்டில் நடந்ததற்குக் காரணம் தெரியாது என்பதுதானே விடை?" என்றார். ஆம் என்றோம். அவருக்கு ஏமாற்றந்தான்.

அந்த ஏமாற்றத்தைக் குறைக்க ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. மணப்பாட்டுக்குச் சற்று வடக்கே, முத்தாரம்மன் தசராவால் பெயர்பெற்ற குலசேகரன்பட்டினத்தில், நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1973, 2016 என இருமுறை பைலட் திமிங்கலங்கள் கரையேறிய கடல் அது. முதல் ஏவுகணை எழுமுன் அங்கே நீருக்கடியில் இரைச்சல் எவ்வளவு, எந்த மாதத்தில் எக்கூட்டம் கடந்துபோகிறது, கரையொதுங்கும் உடல்களில் என்ன நஞ்சு எவ்வளவு என்பனவற்றை ஆண்டு முழுவதும் அளந்து எழுதிவைக்க வேண்டும். ஏவுதளம் வேண்டுமா வேண்டாவா என்பது வேறு வழக்கு. அதை இங்கே நாம் எடுக்கவில்லை. அளவுகள் கையில் இருந்தால், இன்னொரு தை மாதத்தில் அக்கரையில் கூட்டம் கூடும்போது, ஏவுதளந்தான் என்று சொல்பவருக்கும் அன்று என்று சொல்பவருக்கும் காட்ட ஏதேனும் இருக்கும்.